மிச்சமான நேரம் எங்கே போகிறது?

கருவி மனிதனின் வேலையைக் குறைக்கிறதா? இந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயது. தறியின் நாடா தானாகவே ஓடுமானால் எசமானுக்கு அடிமை தேவைப்படாது என்று அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலில் எழுதினார். நாடா உண்மையிலேயே தானாக ஓடத் தொடங்கிய பிறகு, 1848இல், ஜான் ஸ்டூவர்ட் மில் அதே கேள்வியை ஐயத்தோடு எழுப்பினார்: இதுவரை வந்த இயந்திரங்கள் யாருடைய அன்றாட உழைப்பையாவது குறைத்திருக்கின்றனவா? ‘மூலதன’த்தில் இயந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தை மார்க்ஸ் இந்த ஐயத்திலிருந்தே தொடங்குகிறார். உழைப்பவரின் சுமையைக் குறைப்பது முதலாளி இயந்திரத்தை நிறுவுவதன் நோக்கமே அல்ல என்பது அவர் தந்த விடை. 1930இல் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் மறுபக்கம் நின்றார். நூறாண்டில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேர வேலை போதும் என்றாகிவிடும் என்று அவர் கணித்தார். அவர் குறித்த 2030 நெருங்கிவிட்டது. செல்வம் பெருகும் என்று அவர் சொன்னது பணக்கார நாடுகளில் பெரும்பாலும் பலித்தது. வேலை நேரம் அந்த அளவுக்குக் குறையும் என்றது பலிக்கவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவை முன்வைத்துக் கேள்வி திரும்ப வந்திருக்கிறது. மின்னஞ்சல், அறிக்கை, நிரல், மொழிபெயர்ப்பு என எதைக் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் எழுதித் தரும் கருவி அலுவலகத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் அதைப் பயன்படுத்துவோரிடம் பரவலாகக் கேட்கும் முறையீடு ஒன்றே: எழுதும் நேரம் குறைந்தது, சரிபார்க்கும் நேரம் கூடியது, வீடு திரும்பும் நேரம் மாறவில்லை. இதை விளக்க முயல்வோர் பெரும்பாலும் தொழிற்சாலை வரலாற்றையே புரட்டுகிறார்கள். ஆனால் இதற்கு மிக நெருக்கமான விவாதம் ஏற்கெனவே நடந்த இடம் சமையலறை. அங்கே கிடைத்த விடைகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஆட்டுக்கல் போன பிறகு

அமெரிக்க ஆய்வாளர் ஜோன் வானெக் 1974இல் வெளியிட்ட கணக்கு அன்று பலரைத் திடுக்கிட வைத்தது. 1920களில், வெளிவேலைக்குப் போகாத அமெரிக்க இல்லத்தரசி வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தாள். குழாய்த் தண்ணீர், மின்சாரம், சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி எல்லாம் வந்து சேர்ந்த 1960களில் அது சுமார் 55 மணி நேரம்.

இது எப்படி நேர்ந்தது என்பதற்கு வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூல் விடை தேடியது. ‘தாய்க்கு இன்னும் அதிக வேலை’ என்பது அதன் தலைப்பின் பொருள். அவர் காட்டும் காரணங்கள் இரண்டு. ஒன்று, வீட்டுக்குள் வந்த கருவிகள் பெண்ணைவிட ஆணையும் குழந்தைகளையுமே முதலில் விடுவித்தன. இரும்பு அடுப்பு வந்தபோது விறகு பிளக்கும் வேலை குறைந்தது; அது ஆணின் வேலை. சமைப்பது குறையவில்லை, ஒரே பானையில் கொதித்த கூழ் போய், பல பதார்த்தங்கள் சமைக்கும் வழக்கம் வந்தது. மற்றொன்று, போதும் என்ற அளவுகோலே உயர்ந்துவிட்டது. வெளிச் சலவையகத்துக்குப் போய்க்கொண்டிருந்த துணி, இயந்திரம் வந்ததும் வீட்டுக்கே திரும்பியது. வாரம் ஒரு முறை மாற்றிய சட்டையைத் தினம் மாற்றுவது வழக்கமாயிற்று.

தமிழ் வாசகர் இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பல கிராமத்து வீடுகளில் இட்லியும் தோசையும் ஒரு காலத்தில் தீபாவளிப் பலகாரம். ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் ஆட்டுக்கல்லில் அரைத்தெடுக்க ஒரு முழு மாலைப் பொழுதும் இரு தோள்களும் வேண்டியிருந்ததால், அது அன்றாட உணவாக இருக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் உருவாகிப் பரவிய கிரைண்டர் அந்த உழைப்பை எடுத்துக்கொண்டது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லாத் திட்டம் மிக்ஸியையும் கிரைண்டரையும் மின்விசிறியையும் ஏழை வீடுகளுக்கும் கொண்டுபோனது. தோள்வலி போனது என்பதை எந்த ஆய்வாளரும் சிறிதாக்கிப் பேசக் கூடாது. நேரக் கணக்கில் அகப்படாத விடுதலை அது. ஆனால் அதோடு இட்லி தினப்படி உணவாயிற்று. சட்னி ஒன்று மூன்றானது. ஊறவைப்பது, கல்லைக் கழுவுவது, மாவு புளிக்கும் பதம் பார்ப்பது எல்லாம் பழையபடி ஒருவர் கையிலேயே நின்றன.

கோவனின் முடிவு இறுதியானதல்ல. பொருளாதார அறிஞர் வேலரி ரேமி 2009இல் பழைய தரவுகளை மறுபடி அலசி, வேலைக்குப் போவோரும் போகாதோருமாக உழைக்கும் வயதுப் பெண்கள் எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டார். 1900க்கும் 1965க்கும் இடையே அவர்களின் வாராந்தர வீட்டு வேலை ஏறத்தாழ ஆறு மணி நேரம் குறைந்தது; 1965க்கும் 2005க்கும் இடையே மேலும் பன்னிரண்டு மணி நேரம் குறைந்தது. அதே நூற்றாண்டில் ஆண்களின் வீட்டு வேலை சுமார் பதின்மூன்று மணி நேரம் கூடியது. அதற்கு முன்பே, 2005இல், க்ரீன்வுட்டும் சக ஆய்வாளர்களும் வீட்டுக் கருவிகளே பெண்களை வெளிவேலைக்கு அனுப்பிய விடுதலை எந்திரங்கள் என்று வாதிட்டிருந்தனர். மாறாக, பிட்மன், ரைஸ், வாய்ஸ்மன் மூவரும் ஆஸ்திரேலியத் தரவைக் கொண்டு 2004இல் எழுதிய கட்டுரை, கருவி உள்ள வீட்டுப் பெண்ணுக்கும் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கும் வேலை நேரத்தில் சொல்லத்தக்க வேறுபாடு அரிதாகவே தென்படுகிறது என்றது.

இந்த முரணில் கவனிக்க வேண்டிய ஒன்று ரேமியின் எண்களுக்குள்ளேயே இருக்கிறது. பெரிய சரிவு, கருவிகள் பெரும்பாலும் வந்து சேர்ந்த பிறகே நிகழ்ந்தது. பெண்ணின் நேரத்துக்கு வெளியிலிருந்து இன்னொரு உரிமை கோரல் எழுந்தபோது, அதாவது சம்பள வேலை வந்தபோது, வீட்டில் எது போதும் என்ற பேச்சே மாறியது. சரிவுக்கு அது மட்டும் காரணமென்று சொல்லிவிட முடியாது. ஆனால் கருவி மட்டும் காரணமில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

இந்தியக் கணக்கெடுப்பும் இதையே குறிப்பால் உணர்த்துகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். 2024இல் அது 289, 88. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடமாயிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டில் பெருந்தொற்றும், வீட்டிலிருந்தே வேலையும், புதுப்புதுச் செயலிகளும் வந்துபோயின. பங்கீடு ஒரு நிமிடம் நகர்ந்தது.

அலுவலகத்தில் அளந்தவர்கள்

செயற்கை நுண்ணறிவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்போரிடம் வலுவான சோதனைகள் இருக்கின்றன. நோய் (Noy), ஜாங் (Zhang) என்ற இரு ஆய்வாளர்கள் 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், படித்த அலுவலர்கள் அளவான எழுத்து வேலைகளைச் சாட்ஜிபிடியின் துணையோடு செய்தபோது எடுத்த நேரம் 40 விழுக்காடு குறைந்தது, தரமும் உயர்ந்தது. பொருளாதார அறிஞர் பிரின்யால்ஃப்சனும் அவருடைய குழுவும் வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தனர். கருவி கிடைத்த பிறகு மணிக்குத் தீர்க்கப்பட்ட புகார்களின் எண்ணிக்கை சராசரி 14 விழுக்காடு கூடியது; புதியவர்களுக்கு அது 34 விழுக்காடு. கைதேர்ந்தவர்களுக்கு ஆதாயம் மிகக் குறைவு.

ஆனால் இவற்றில் வேலையின் எல்லை முன்கூட்டியே வரையப்பட்டிருந்தது. எது தொடக்கம், எது முடிவு, எது நல்ல விடை என்பது தெரிந்த வேலைகள் அவை. எல்லை தெரியாத இடத்தில் படம் மாறுகிறது. ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தின் 758 பேரை வைத்து ஹார்வர்ட் ஆய்வாளர்களும் பிறரும் 2023இல் செய்த சோதனையில், கருவிக்கு வசப்பட்ட வேலைகளில் வேகமும் தரமும் கூடின. வசப்படாத ஒரு வேலையைக் கொடுத்தபோது, கருவியைப் பயன்படுத்தியவர்கள் சரியான விடைக்கு வரும் வாய்ப்பு 19 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. எது வசப்படும், எது வசப்படாது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரிவதில்லை. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு வேலைகளில் ஒன்று கோட்டுக்கு உள்ளே, மற்றது வெளியே.

2025இல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட முடிவு இன்னும் சிந்திக்கத்தக்கது. அனுபவமிக்க 16 நிரலாளர்கள், தாங்கள் பல ஆண்டு உழைத்துப் பழகிய திறமூலத் திட்டங்களில், 246 வேலைகளைச் செய்தனர். கருவியை அனுமதித்தபோது அவர்களுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. தொடங்கும் முன் 24 விழுக்காடு மிச்சமாகும் என்று எண்ணினார்கள். முடித்த பின்பும் 20 விழுக்காடு மிச்சமானதாகவே நம்பினார்கள். ஆட்கள் சிலர், கருவிகள் அன்றையவை என்பதால் இதை எல்லாருக்கும் பொருத்திவிடக் கூடாது. ஆய்வாளர்களே அப்படி எச்சரிக்கிறார்கள். மெதுவானது என்ற முடிவு நாளை மாறலாம். தன் நேரம் எங்கே போனது என்பதைத் தானே சரியாகச் சொல்ல முடியாத நிலை அவ்வளவு எளிதில் மாறாது. அலுவலகங்களில் கருவியின் பயன் பற்றி வரும் தகவல்களில் கணிசமானவை, பயன்படுத்தியவரைக் கேட்டுப் பெற்றவை.

தனித்தனி வேலையை விட்டு, சம்பளப் பட்டியலைப் பார்த்தவர்களும் உண்டு. டென்மார்க்கில் 25,000 பணியாளர்களின் பதிவுகளை ஆராய்ந்த ஹும்லும், வெஸ்டர்கார்ட் இருவரும் 2025இல் சொன்னது: பயன்படுத்துவோருக்கு மிச்சமான நேரம் சராசரி 3 விழுக்காட்டு அளவே, ஊதியத்திலோ, பதிவான வேலை நேரத்திலோ மாற்றம் இல்லை. மிச்சமானதையும் பெரும்பாலோர் வேறு அலுவலக வேலைக்கே திருப்பியதாகச் சொன்னார்கள். கருவி புதிய வேலைகளையும் பெற்றுப் போட்டிருந்தது. மாணவர் கொண்டுவந்த வீட்டுப்பாடம் தானே எழுதியதா, கருவி எழுதியதா என்று ஆராய்வது ஆசிரியருக்கு நேற்றுவரை இல்லாத வேலை.

எரிச்சலின் ஊற்று

வேகக் கணக்கு சாதகமாக இருக்கும் இடங்களிலும் எரிச்சல் ஏன் மிஞ்சுகிறது? இதற்கு இன்றும் மிகச் சிறந்த விளக்கம் நாற்பது ஆண்டுக்கு முந்தையது. உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இல் தானியங்கல் பற்றி எழுதிய சிறு கட்டுரை ஆலைகளையும் அவற்றின் கட்டுப்பாட்டு அறைகளையும் மனத்தில் கொண்டது. இயந்திரத்தை வடிவமைப்பவர் எளிதில் தானாக்கக் கூடியவற்றைத் தானாக்கிவிடுகிறார். அவரால் முடியாத மிச்சம் மீதிகள் மனிதனிடம் விழுகின்றன. அந்த மிச்சத்தில் முதன்மையானது, இயந்திரத்தைக் கண்காணிப்பது. மனிதனுக்குச் சற்றும் வராத கலை அது. ராடார் திரையைப் பார்ப்பவர்களின் கவனம் அரை மணி நேரத்திலேயே தளர்ந்துவிடுகிறது என்று நார்மன் மெக்வொர்த் 1948இலேயே சோதித்துக் காட்டியிருந்தார். அதோடு, தானே செய்வதை நிறுத்திய கைக்குத் திறமையும் தேய்கிறது. இயந்திரம் தவறும்போது அந்தத் தேய்ந்த கைதான் உடனே தாங்கிப் பிடிக்க வேண்டும்.

அறிக்கையைக் கருவி எழுத, அலுவலர் சரிபார்க்கும் இன்றைய ஏற்பாடு அச்சுப் பிசகாமல் இதுதான். தானே எழுதும்போது ஐயம் வரும் இடத்தில் பேனா நிற்கும். பிறர் எழுதிய, தங்குதடையில்லாத உரையில் அப்படி நிற்க இடமில்லை. தவறும் சரியும் ஒரே குரலில் பேசுகின்றன. 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. தீர்ப்புகளைப் புனைந்தது கருவி. அபராதம் கட்டியது மனிதர்கள். பொறுப்பு முழுவதும் ஒரு பக்கம், வேலை மறுபக்கம் என்ற இந்தப் பிரிவினைதான் எரிச்சலின் ஊற்று என்று கருத இடமிருக்கிறது.

சுமை அடுத்தவர் மேசைக்கு நகர்வது இன்னொரு வகை. பார்வைக்கு முழுமையாகவும் உள்ளே வெறுமையாகவும் இருக்கும் ஆவணத்தை ஒருவர் கருவியால் ஆக்கி அனுப்ப, பெறுபவர் அதைப் பிரித்துப் பொருள் தேடி மறுபடி எழுதுகிறார். அமெரிக்கப் பணியாளர் 1,150 பேரிடம் 2025இல் எடுத்த கணிப்பில், முந்தைய மாதத்தில் இப்படிப்பட்ட ஒப்பேற்றிய வேலையைப் பெற்றதாக 40 விழுக்காட்டினர் கூறினர். கணிப்பை நடத்தியவர்களில் பணியாளர் பயிற்சியை விற்கும் நிறுவனமும் உண்டு என்பதால் எண்ணை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். சுட்டப்படும் திசை சரியானதாகவே படுகிறது. அனுப்பியவரின் கணக்கில் இது மிச்சம், பெற்றவரின் கணக்கில் செலவு. நிறுவனத்தின் கணக்கில் முதலாவது மட்டுமே ஏறுகிறது.

தமிழில் வேலை செய்வோருக்கு இச்சுமை ஒரு படி கூடுதல். பல மொழி மாதிரிகள் தமிழ் எழுத்தை ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு துண்டுகளாக நறுக்கிக் கையாளுகின்றன. கட்டணம் துண்டுக் கணக்கில் வசூலிக்கப்படும்போது அதே கடிதம் தமிழில் விலை கூடிவிடுகிறது. கிடைக்கும் வாக்கியமும் பல நேரங்களில் ஆங்கில எலும்பின் மேல் தமிழ்த் தோல் போர்த்தியதாக இருக்கிறது. அதைச் செப்பனிடுவதைவிடப் புதிதாக எழுதிவிடலாம் என்று மொழிபெயர்ப்பாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

பொறுத்திருக்கச் சொல்வோர்

இவை எல்லாம் தொடக்ககாலத் தடுமாற்றம் என்போர் பொருளாதார அறிஞர் பால் டேவிட் 1990இல் எழுதிய கட்டுரையைக் காட்டுகிறார்கள். கணினி எங்கும் தென்படுகிறது, உற்பத்தித் திறன் கணக்கில் மட்டும் தென்படவில்லை என்ற பொருளில் ராபர்ட் சோலோ 1987இல் சொன்னதற்கு அது ஒரு மறுமொழி. மின்சார மோட்டார் 1880களில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆலைகளில் அதன் முழுப் பயன் தெரிய 1920கள் ஆயின. நீராவிக் காலத்து ஆலையில் ஒரே பெரிய தண்டிலிருந்து எல்லா எந்திரங்களும் ஓடின. தண்டை மட்டும் மின்சாரத்தால் சுழற்றியபோது பெரிய ஆதாயம் இல்லை. எந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று ஆலையையே மாற்றிக் கட்டிய பிறகுதான் பலன் வந்தது.

ஒப்புமை வலுவானது. உற்பத்தி கூடும் என்பதற்கு அது நல்ல வாதம். கூடிய உற்பத்தியில் எவ்வளவு பணியாளரின் ஓய்வாக மாறும் என்பதற்கு அதில் விடையில்லை. 1920களின் ஆலைத் தொழிலாளிக்கு வேலை நேரம் குறைந்ததில் மோட்டாரின் பங்கு இருக்கலாம். எட்டு மணி நேர வேலைக்காக மே தினம் கண்ட பல தலைமுறைகளின் போராட்டத்தின் பங்கை அதிலிருந்து பிரித்துவிட முடியாது. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு கூடவே செய்யும் என்று பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் 1865இல் சொன்னதையும் இங்கே நினைவில் வைக்கலாம். அறிக்கை எழுதுவது மலிந்தால் கேட்கப்படும் அறிக்கைகளும் பெருகும். ஒரு சட்னி மூன்றானது போல.

வாசலில் நிற்கும் கணக்கு

சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்ட் 1989இல் எழுதிய ‘இரண்டாம் ஷிஃப்ட்’, சம்பள வேலை முடித்து வரும் பெண்ணுக்கு வீட்டில் இன்னொரு ஷிஃப்ட் காத்திருப்பதை ஆவணப்படுத்தியது. அன்று இரண்டு ஷிஃப்டுகளுக்கும் நடுவே ஒரு பேருந்துப் பயணமாவது இருந்தது. கைப்பேசியும் வீட்டிலிருந்து வேலையும் அந்த இடைவெளியையும் அழித்துவிட்டன. கருவியிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, அது முடிக்கும்வரை குக்கரை அடுப்பில் ஏற்றுவது, விசில் வருவதற்குள் விடையைச் சரிபார்ப்பது என்ற புதிய பின்னல் பலருக்குப் பழகிவருகிறது. இதை வசதி என்று சொல்வோர் உண்டு. சிறு குழந்தை உள்ள வீட்டில் அது உண்மையான வசதியும்கூட. ஆனால் அமெரிக்க நேரப் பயன்பாட்டுத் தரவைக் கொண்டு 2025இல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கை நுண்ணறிவின் தாக்கம் மிகுந்த தொழில்களில் வேலை நேரம் நீண்டு, ஓய்வு சுருங்குவதாகச் சொல்கிறது. டென்மார்க் முடிவோடு இது பொருந்தவில்லை. வேலை நேரத்துக்குச் சட்டமும் தொழிற்சங்கமும் வேலியிட்ட நாட்டில் ஒன்றும், வேலி தளர்ந்த நாட்டில் வேறொன்றும் நடப்பது இயல்பு என்பது ஒரு விளக்கம். அளந்த முறையே வேறு என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துக் காட்டும் ஆய்வு வர வேண்டியிருக்கிறது.

தீராதவை

இதுவரையிலான சான்றுகளை வைத்து ஓரளவு நம்பிக்கையோடு சொல்லக்கூடியவை சில. எல்லை தெரிந்த, அளவான வேலைகளில் கருவி நேரத்தைக் குறைக்கிறது. அனுபவம் குறைந்தவர்களுக்கு அதிகம் உதவுகிறது. அந்த மிச்சம் தானாக ஓய்வாக மாறுவதில்லை. எவ்வளவு செய்தால் போதும் என்று முடிவுசெய்பவர் யாரோ, மிச்சம் அவரிடமே போகிறது. சமையலறையில் அதை ஊரும் உறவும் விளம்பரமும் முடிவுசெய்தன. அலுவலகத்தில் மேலாளரும் இலக்கும் முடிவுசெய்கின்றன.

அனுபவம் குறைந்தவருக்குக் கிடைக்கும் உதவி, அவர் அனுபவம் பெறுவதையே தடுக்குமா என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. பெயின்பிரிட்ஜின் தர்க்கப்படி தடுக்கும். சேவைப் பணியாளர் ஆய்வில், கருவி நின்றுபோன நேரங்களிலும் கற்றது ஓரளவு நிலைத்ததற்கான அறிகுறி உண்டு. வேலை முடிந்தபின் அலுவலகத் தொடர்பைத் துண்டிக்கும் உரிமைக்கு 2017இல் பிரான்சும் 2024இல் ஆஸ்திரேலியாவும் சட்ட உருவம் தந்துள்ளன. இந்திய நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாக வந்த அதே கோரிக்கை சட்டமாகவில்லை. இத்தகைய சட்டம் உண்மையில் மாலைப் பொழுதை மீட்டுத் தருகிறதா என்பதற்குப் போதிய தரவு இன்னும் சேரவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் அளவுகோல் பற்றிய கேள்வி இருக்கிறது. இந்தியக் கணக்கெடுப்பு முதல்நாள் காலை நான்கு மணியிலிருந்து மறுநாள் காலை நான்கு மணிவரை, நாளை அரை மணிக் கூறுகளாகப் பிரித்துக் கேட்கிறது. ஒரு கூறுக்குள் பல வேலைகள் நடந்தால் பத்து நிமிடமோ அதற்கு மேலோ நீடித்தவையே பதிவாகின்றன. ஆட்டுக்கல்லின் காலத்துக்கு அது போதுமான கண்ணி. விசில் வருவதற்குள் சரிபார்த்து முடித்த நான்கு நிமிட வேலை அதில் சமையலாகவே பதிவாகும்.